எண்ணூரில் பிறந்த 'காமெட்' லாரி: குட்டி மாடலில் துரு எங்கே பிடிக்கணும்?

கொடுங்கையூர்க்காரர்களுக்கு லாரியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மூலக்கடை சந்திப்பில் நிற்கும் சரக்கு லாரி, மணலி பக்கம் போகும் கன்டெய்னர், குப்பைமேட்டுக்குப் போகும் மாநகராட்சி வண்டி என எங்கே திரும்பினாலும் லாரிதான். ஆனால், இந்த ரோட்டில் ஒரு காலத்தில் ஓடிய பழைய லாரியை 1 அடி நீளத்தில் அச்சு அசலாகச் செய்யச் சொன்னால்? பலர் சறுக்குவது துருவில்தான்.

நிஜ வண்டியைக் குறிப்பிட்ட விகிதத்தில் சுருக்கிச் செய்வதுதான் 'ஸ்கேல் மாடல்'. 1:24 என்றால் 24 அடி லாரி 1 அடியாகும். செய்து முடித்த மாடலை வெயில், மழை, தூசு பார்த்த வண்டிபோல மாற்றுவதற்குப் பெயர் 'வெதரிங்'.

வடசென்னையில் இதற்குப் பொருத்தமான வண்டி காமெட். ரகுநந்தன் சரண் 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், முதலில் எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 கார்களைத்தான் பூட்டிக்கொண்டிருந்தது. 1950இல் பிரிட்டனின் லேலண்ட் நிறுவனத்துடன் ஒப்பந்தம் போட்டது. காமெட் லாரிகள் வந்தன. 1955இல் கம்பெனி பெயரே அசோக் லேலண்ட் ஆனது. பிரிட்டனில் டிங்கி நிறுவனம் 1949லேயே காமெட்டைப் பொம்மையாக விற்றுவிட்டது. ஆனால் அது அந்த ஊர் காமெட்.

அப்போ நம்ம ஊர் காமெட் எப்படி வேறு?

கம்பெனியிலிருந்து பெரும்பாலும் வெளியே வந்தது சேசிஸ்தான். கேபினையும் பாடியையும் நாமக்கல், சங்ககிரி போன்ற ஊர்களின் பட்டறைகளில் கட்டினார்கள். மரச்சட்டம், பலகை, மேலே தகடு. ஆசாரிக்கு ஆசாரி கை மாறும் என்பதால் ஒரு வண்டி மாதிரி இன்னொன்று இருக்காது. ஆகவே பெட்டியில் அடைத்த ரெடிமேட் கிட்டை எதிர்பார்க்காமல், சன்போர்டு, பிளாஸ்டிக் ஷீட், ஐஸ்கிரீம் குச்சி ஆகியவற்றை எடுத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். பாடி பலகைக்கு ஐஸ்கிரீம் குச்சியைவிட நல்ல பொருள் கிடைக்காது.

அளவுக்கு என்ன செய்வது? நேர் பக்கவாட்டில் எடுத்த பழைய போட்டோ ஒன்று போதும். லாரிகளில் சாதாரணமாகப் புழங்கிய 9.00-20 டயரின் விட்டம் சுமார் 1 மீட்டர். 1:24இல் அது 42 மில்லிமீட்டர். போட்டோவில் உள்ள டயரையே ஸ்கேலாக வைத்து மற்றதையெல்லாம் அளந்துவிடலாம்.

இனி துரு. வெளிநாட்டு வீடியோக்களில் கேபின் முழுக்க ஆரஞ்சு துரு ஏறியிருக்கும். வயலோரம் கைவிடப்பட்ட இரும்பு கேபினுக்கு அது சரி. மரத்தில் துரு பிடிக்காதே! மரம் வெளுக்கும், சாம்பல் நிறமாகும், பெயின்ட் நரம்போட்டத்தோடு உரியும். துரு வருவது பலகையை இறுக்கிய போல்ட்டின் தலையில். மழை பெய்யப் பெய்ய அதிலிருந்து ஒரு பழுப்புக் கோடு கீழே இறங்கும். மாடலில் இதற்கு வழி ரொம்ப எளிது. போல்ட் மேல் பழுப்பு ஆயில் கலர் ஒரு பொட்டு, டர்பன்டைன் தொட்ட பிரஷ்ஷால் கீழ்நோக்கி ஒரே இழுப்பு.

இன்னொரு விஷயம் எஃப்.சி. தகுதிச் சான்றுக்குக் கொண்டுபோகும் முன் ஒரு கோட் அடிச்சிருவாங்க. அதனால் ஓடுகிற வண்டி முழுக்கத் துருவாக இருக்காது. பெயின்ட் மேல் பெயின்டாக இருக்கும். மஞ்சள் பெயர்ந்த இடத்தில் பழைய பச்சை எட்டிப்பார்க்கும். இதைக் காட்ட உதவுவது ஹேர்ஸ்பிரே. பச்சை காய்ந்ததும் ஹேர்ஸ்பிரே அடித்து, அதன் மேல் அக்ரிலிக் மஞ்சள் பூச வேண்டும். காய்ந்தபின் தண்ணீர் தொட்ட பிரஷ்ஷால் தேய்த்தால், அடியில் உள்ள ஹேர்ஸ்பிரே கரைந்து மேல் பூச்சு சில்லு சில்லாகப் பெயரும். மேலே எனாமல் பெயின்ட் அடித்தால் இது வேலைக்கு ஆகாது, தண்ணீர் உள்ளே இறங்காது. டிரைவர் முழங்கை வைக்கும் கதவு விளிம்பு, கிளீனர் ஏறும் படி, கயிறு உரசும் பாடி ஓரம் என்று கை, கால், கயிறு படும் இடங்களில் மட்டும் தேயுங்கள்.

வடசென்னை வண்டிக்கு உப்பையும் சேர்க்க வேண்டும். இரும்பு துருப்பிடிக்க ஈரமும் காற்றும் போதும். ஆனால் கடற்காற்றில் வரும் உப்பு ஈரத்தை இழுத்து வைக்கும். உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் துரு வேகமாகப் பரவும். மட்கார்டு மடிப்பு, தகட்டின் கீழ் விளிம்பு என ஈரம் தங்கும் இடங்களில் அழுத்தமாகத் துரு வைக்கலாம். குப்பை வண்டி செய்கிறீர்கள் என்றால் பின்கதவுதான் முக்கியம். ஈரக்குப்பையின் தண்ணீர் வழிந்துகொண்டே இருப்பதால் முதலில் அரிப்பது அந்தத் தகடுதான்.

தூசுக்குத் தெருமண்ணை அள்ளிப் போடாதீர்கள். 1 மில்லிமீட்டர் மணல், 1:24இல் 24 மில்லிமீட்டர் ஜல்லிக்குச் சமம். சாக்பீஸை உப்புத்தாளில் தேய்த்து எடுத்த பொடி போதும். சக்கரத்துக்குச் செம்மண் நிறம் வேண்டாம். அனல்மின் நிலையங்களும் நிலக்கரி இறங்கும் துறைமுகமும் இருக்கிற பக்கம் இது. கரியும் சாம்பலும் கலந்த நிறம்தான் சரி.

2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் கனரக, நடுத்தர லாரிகளுக்கு ஏசி கேபின் கட்டாயம். மரக்கேபின் காலம் ஏற்கெனவே மங்கிவிட்டது. இனி புதிதாக வர வாய்ப்பே குறைவு. பழையவை காயலான் கடையில் உடைபட்டு, இரும்பு உருக்கவும் பலகை அடுப்புக்கும் போய்விட்டன. தாத்தா லாரி ஓட்டியவர் என்றால், வீட்டு ஆல்பத்தில் ஆயுதபூஜைப் படம் ஒன்று இருக்கிறதா என்று தேடுங்கள். மாலை போட்ட கிரில், சந்தனப் பொட்டு, கண்ணாடி மேல் எழுதிய சாமி பெயர், கேபின் நிறம், பலகை எத்தனை வரிசை என்பது வரை அதில் இருக்கும். சந்தனம் காய்ந்து வழிந்த தடத்தையும் மாடலில் விட்டுவிடாதீர்கள்.