ஓசோன் காற்றுக்கு ரப்பர் சாட்சி

தரங்கம்பாடிக் கடற்கரைக்குப் போனால் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: “நல்லா மூச்சை இழுத்து விடுங்க, ஓசோன் நிறைஞ்ச காத்து.” சுற்றுலாக் குறிப்புகளிலும் இது உண்டு. 1620-இல் எழுந்த டேனிஷ் கோட்டைக்கு முன்னால், அந்தக் காற்றில் நின்றுகொண்டு மறுத்துப் பேச மனம் வராதுதான். ஆனால் ஓசோன் அங்கே உண்மையிலேயே மிகுதி என்றால், முதலில் அவதிப்பட வேண்டியது வாசலில் நிற்கும் ஸ்கூட்டர்களின் ரப்பர் பாகங்கள்.

ஓசோனின் வாசனையை வேதியியலாளர் ஷோன்பைன் அறிவித்ததும், கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் ரப்பர் உறுதிப்படும் என்று அமெரிக்கர் சார்லஸ் குட்இயர் கண்டதும் ஒரே ஆண்டில், 1839-இல். தரங்கம்பாடி அப்போது டேனியர் கையில்; 1845-இல்தான் ஆங்கிலேயருக்கு விற்றார்கள்.

மரத்துப் பாலிலிருந்து வரும் ரப்பர், ஐந்து கரி அணுக்கள் கொண்ட ஓர் அலகு ஆயிரக்கணக்கில் கோத்த சங்கிலி. ஒவ்வோர் அலகிலும் ஓர் இரட்டைப் பிணைப்பு. சங்கிலிகள் தனித்தனியாகக் கிடப்பதால் கரைப்பானில் கரைந்துவிடும். பஞ்சர் கடையில் தடவும் சொல்யூஷன் அப்படிக் கரைத்த ரப்பர்தான். கந்தகம் சங்கிலியைச் சங்கிலியோடு முடிச்சுப் போட்டு, மீன் வலை மாதிரி ஆக்குகிறது. ஒரு துண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே மூலக்கூறு! பெட்ரோலில் போட்டால் ஊதும், கரையாது.

முடிச்சு நூறு அலகுக்கு ஒன்று போல விழுந்தாலே போதும். ஆக, பெரும்பாலான இரட்டைப் பிணைப்புகள் அப்படியே திறந்து கிடக்கின்றன. ஓசோன் முடிச்சை விட்டுவிட்டு அந்த இரட்டைப் பிணைப்பில் பாய்கிறது, நூலே அறுகிறது. ரப்பர் தளர்ந்து கிடந்தால் சேதம் மேல்தோலோடு நின்றுவிடும். இழுபட்டிருந்தால் அறுந்த முனைகள் விலகிப் புதிய ரப்பர் வெளியே தெரியும்; ஓசோன் அதையும் அறுக்கும். வெடிப்புகள் இழுவிசைக்குக் குறுக்காக, கத்தியால் கீறியதுபோல் வரிசையாக ஓடும். இதைத் தடுக்கத்தான் டயரில் மெழுகும், தானே முன்வந்து ஓசோனுக்கு இரையாகும் அமீன்களும் கலக்கிறார்கள்.

லாஸ் ஏஞ்சல்ஸ் புகைமூட்டத்தை ஆராய்ந்த ஹாகன்-ஸ்மிட் (அதற்கு முன் அவர் வேலை அன்னாசிப்பழ மணத்தில்!) வளைத்த ரப்பர் பட்டைகளை வைத்தே 1950களில் ஓசோனை அளந்தார். 1955-இல் அந்த ஊர்க் காற்றின் நூறு கோடிப் பங்கில் ஓசோன் 500-ஐத் தாண்டியது. தூய காற்றில் அது சுமார் 20 முதல் 40 வரைதான். கடற்கரையில் நாம் முகர்வது ஓசோனை அல்ல; அந்த மணத்தில் பெரும்பங்கு நுண்பாசிகளிலிருந்து வரும் டைமெத்தில் சல்ஃபைடு. ஓசோன் கூடினால் நுரையீரலுக்கும் கேடு என்பதால், ஊருக்கு அந்தப் பெயர் பொய்யாக இருப்பதே நல்லது.

சந்தேகமிருந்தால் சாதாரண ரப்பர் பேண்ட் இரண்டை மரத்துண்டுகளில் இழுத்து மாட்டி, ஒன்றைத் தரங்கம்பாடியில் கடலைப் பார்த்தும், மற்றொன்றை மயிலாடுதுறைப் பக்கம் ஒரு வயல்வீட்டுத் திண்ணையிலும் வையுங்கள். இரண்டும் நிழலில் இருக்க வேண்டும்; வெயில் பட்டால் ஒழுங்கற்ற வேறு வெடிப்புகள் வந்து குழப்பும். பக்கத்தில் வாகனப் புகையும் கூடாது, அதிலுள்ள நைட்ரிக் ஆக்சைடு ஓசோனைத் தீர்த்துவிடும். இரண்டிலும் ஏறக்குறைய ஒரே சமயத்தில்தான் கீறல் விழும் என்று பந்தயம் கட்டுவேன்.