மரப்பெட்டி ரயிலுக்கு மழைதான் எமன்! பழைய 'டைனிங் கார்' பிழைத்தது எப்படி?

கடலூர்:

கடலூர், சிதம்பரம் வழியாக இப்போது ஓடுவது எல்லாமே இரும்புப் பெட்டி ரயில்கள்தான். ஆனால் நம்ம தாத்தா காலத்தில் இதே வழியில் ஓடியவை மரப்பெட்டிகள். 1914-ல் பாம்பன் பாலம் திறந்ததும் எழும்பூரில் இருந்து தனுஷ்கோடிக்குக் கிளம்பிய 'போட் மெயில்' கூட இந்தப் பக்கமாகத்தான் போனது.

1955-ல் பெரம்பூரில் ஐ.சி.எப். தொழிற்சாலை தொடங்கி, முழு இரும்புப் பெட்டிகள் வரத்தொடங்கின. விபத்து நடந்தால் மரப்பெட்டி நொறுங்கிவிடும், தீப்பிடித்தால் சாம்பல்தான். அதனால் அவை ஒவ்வொன்றாகக் கழித்துக் கட்டப்பட்டன. விழுப்புரம் - மயிலாடுதுறை மீட்டர்கேஜ் பாதையும் 2010-ல் அகலப்பாதையாகிவிட்டது.

மைசூரில் இருக்கு

தப்பிப் பிழைத்த பெட்டி ஒன்றைப் பார்க்க மைசூர் போக வேண்டும். அங்குள்ள ரயில் அருங்காட்சியகம் 1979-ல் தொடங்கப்பட்டது. மைசூர் மகாராணிக்காக 1899-ல் செய்த பெட்டி அங்கே இருக்கிறது. சமையல்கட்டு, சாப்பாட்டு அறை, கழிவறை எல்லாம் அதோடு உண்டு. வெயில் மழை படாமல் மண்டபத்துக்குள் வைத்திருக்கிறார்கள். சூட்சுமமே அதில்தான் இருக்கு.

எதனால் கெடுகிறது?

மரப்பெட்டியின் அடிச்சட்டம் இரும்பு, மேலே நிற்பது மரத்தூண்கள். கூரை, பலகை மேல் கேன்வாஸ் துணி ஒட்டி பெயின்ட் அடித்தது. அந்தத் துணியில் சின்னக் கிழிசல் விழுந்தால் போதும். தண்ணீர் உள்ளே இறங்கி, தூணின் அடியில் போய்த் தேங்கும். வெளியே பளபளன்னு இருக்கும், உள்ளே உளுத்துப்போயிருக்கும். அப்புறம் கரையானுக்குக் கொண்டாட்டம்தான். டைனிங் காரில் கூடுதல் தொல்லை, அடுப்படி. பல வருஷத்து எண்ணெய்ப்பிசுக்கும் கரியும் மரத்தில் ஊறியிருக்கும். ஒரு தீப்பொறி பட்டால் கதை முடிஞ்சது.

எப்படிக் காப்பது?

* முதல் செலவு கூரை. பெயின்ட், பாலிஷ் எல்லாம் பிறகு.

* பிளாஸ்டிக் தார்ப்பாயை இறுக்கிப் போர்த்தக்கூடாது. காற்று போகாமல் உள்ளே வேர்த்து, மரம் பூஞ்சை பிடிக்கும்.

* பிரிப்பதற்கு முன் ஒவ்வொரு பாகத்தையும் போட்டோ எடுத்து, அளந்து, நம்பர் போட வேண்டும்.

* உளுத்த இடத்தை மட்டும் வெட்டி, அதே ஜாதி மரத்தை ஒட்டுப்போட வேண்டும். பிளைவுட் அடித்து மூடினால் அது பழைய வண்டியே இல்லை.

* பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். முகமூடி இல்லாமல் சுரண்டக்கூடாது.

* உள்ளே அடுப்பு பற்ற வைக்கவே கூடாது.

கடலூருக்கு இது ரொம்பப் பொருந்தும். உப்புக்காற்று அடிச்சட்டத்தைத் துருப்பிடிக்க வைக்கும். 2011 டிசம்பர் 30-ல் அடித்த 'தானே' புயலை யாரும் மறக்கவில்லை. பழைய பெட்டியைக் கொண்டுவந்து ரிப்பன் வெட்டுவது ஒருநாள் வேலை. கொட்டகை போடாமல் திறந்தவெளியில் நிறுத்தினால் சில மழைக்காலத்திலேயே விறகாகிவிடும்.

தாத்தா காலத்து ரயிலைப் பிள்ளைகளுக்குக் காட்டணுமா? கடலூர் துறைமுகம் சந்திப்பில் இருந்து சிதம்பரம் வழியாக மைசூருக்கு நேரடி ரயிலே இருக்கு. அருங்காட்சியகமும் மைசூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கு.