மூடிக்கு அடியில் ஒரு மயிரிழை

2012 ஏப்ரலில் இன்டெல் நிறுவனம் 'ஐவி பிரிட்ஜ்' என்ற பெயரில் புதிய கம்ப்யூட்டர் ப்ராசசர்களை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய ஆண்டு வந்த 'சாண்டி பிரிட்ஜ்' 32 நானோமீட்டர் தொழில்நுட்பத்தில் செய்யப்பட்டது. இது 22 நானோமீட்டர். சிப் சிறுத்தது, மின்செலவும் இறங்கியது. பழைய ஐ7-2600கே ப்ராசசருக்கு நிறுவனம் குறித்திருந்த வெப்ப அளவு 95 வாட். அதன் இடத்துக்கு வந்த ஐ7-3770கே ப்ராசசருக்கு 77 வாட்தான்.

வாட் குறைந்தால் சூடும் குறைய வேண்டும். ஆனால் ப்ராசசரின் வேகத்தை ஏற்றி ஓட்டும் பழக்கமுள்ளவர்கள் கண்டது நேர்மாறு. வேகம் கூடக் கூட, பழையதைவிடப் புதியது அதிகமாகக் கொதித்தது. சிறிய பரப்பில் வெப்பம் அடர்ந்திருப்பதுதான் காரணம் என்று நிறுவனத் தரப்பு விளக்கியது. அது உண்மைதான், ஆனால் முழு உண்மை அல்ல.

அடுத்த மாதமே ஜப்பானின் 'பிசி வாட்ச்' என்ற செய்தித் தளம் ஒரு சோதனை செய்தது. ப்ராசசரின் உலோக மூடியைப் பெயர்த்தெடுத்து, உள்ளே இருந்த பேஸ்ட்டை வழித்துத் துடைத்துவிட்டு, அந்த இடத்தில் திரவ நிலையிலுள்ள ஓர் உலோகக் கலவையைப் பூசி, அதே மூடியைத் திரும்ப வைத்தது. 4.6 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் வெப்பநிலை சுமார் 20 டிகிரி இறங்கியது. சிப் மாறவில்லை, மூடி மாறவில்லை, மேலே சுழலும் விசிறியும் மாறவில்லை. அப்படியானால் அந்த 20 டிகிரி அதுவரை எங்கே தேங்கி நின்றது?

நாம் பார்ப்பது சிப் அல்ல

மேசைக் கம்ப்யூட்டரைத் திறந்து ப்ராசசரைக் கையில் எடுத்தால், பெயர் பொறித்த ஒரு வெள்ளி நிறச் சதுரம் தெரியும். பலரும் அதையே சிப் என்று நினைக்கிறார்கள். அது செம்பில் செய்து நிக்கல் முலாம் பூசிய மூடி. கணக்குப் போடும் சிலிக்கான் துண்டு அதற்கு அடியில் இருக்கிறது. 3770கே சிப்பின் பரப்பு 160 சதுர மில்லிமீட்டர். ஒரு கட்டைவிரல் நகத்தளவு.

மூடிக்கு இரண்டு வேலைகள். ஒன்று, வெப்பத்தைப் பரப்புவது. சின்ன பர்னரின் மேல் கனமான தோசைக்கல்லை வைத்தால் தீ படும் இடத்தைத் தாண்டியும் கல் முழுவதும் சூடேறுகிறதே, அதுபோல நகத்தளவு சிப்பின் சூட்டை வாங்கி, மேலே இருக்கும் பெரிய குளிர்விப்பானுக்கு அகலமாக விரித்துக் கொடுக்கிறது. மற்றது, காவல். சிலிக்கான் கண்ணாடியைப் போல நொறுங்கக்கூடியது.

2000-ஆம் ஆண்டை ஒட்டி வந்த இன்டெலின் பென்டியம் 3, அதன் போட்டி நிறுவனமான ஏஎம்டியின் அத்லான் ப்ராசசர்கள் பலவற்றில் மூடி கிடையாது. குளிர்விப்பானைக் கிளிப் போட்டு மாட்டும்போது சற்றுச் சாய்ந்தாலும் சிப்பின் மூலை உடைந்துபோகும். அத்லானின் நான்கு மூலைகளிலும் மெத்தைபோன்ற சிறு வட்டங்களை ஒட்டி அனுப்பியும் இந்த விபத்து நிற்கவில்லை. 2000 நவம்பரில் வந்த பென்டியம் 4 மூடியோடு வந்தது. 2003-இல் அத்லான் 64-உம் மூடிக்கு மாறியது. அன்றிலிருந்து மேசைக் கம்ப்யூட்டர்களில் மூடியே வழக்கமாகிவிட்டது. மடிக்கணினிகளில் பெரும்பாலும் இன்றும் மூடி இல்லை. அங்கே குளிர்விக்கும் தகடு சிப்பின் மேலேயே நேரடியாக அமர்கிறது.

ஒரு சிறு கணக்கு

77 வாட் வெப்பம் 160 சதுர மில்லிமீட்டர் வழியாக வெளியேற வேண்டும். ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 48 வாட். இதோடு ஒப்பிட, வீட்டிலிருக்கும் இண்டக்ஷன் அடுப்பை 1,000 வாட்டில் வைத்து, 18 சென்டிமீட்டர் அகலமுள்ள பாத்திரத்தை ஏற்றுவோம். அதன் அடியில் ஒரு சதுர சென்டிமீட்டருக்குக் கிடைப்பது சுமார் 4 வாட். அடுப்பைவிடப் பன்னிரண்டு மடங்கு அடர்த்தியான வெப்பம் ஒரு விரல் நகத்தின் வழியே மேலேறுகிறது.

வெப்பம் ஒரு பொருளைக் கடக்கும்போது இரு பக்கங்களுக்கும் இடையே வெப்பநிலை வேறுபாடு உண்டாகும். பொருள் தடித்திருந்தால் அது கூடும்; பொருள் வெப்பத்தை நன்றாகக் கடத்தினால் குறையும். கடத்தும் திறனில் செம்புக்கு ஏறத்தாழ 400 மதிப்பெண் என்றால், சிலிக்கானுக்கு 150, இண்டியம் என்ற மென்மையான உலோகத்துக்கு 82. தெர்மல் பேஸ்ட்டுகளுக்குப் பொதுவாக ஒற்றை இலக்கம்தான். காற்றுக்கு 0.025.

இப்போது கணக்கைப் போடுவோம். வெப்பம் பக்கவாட்டில் பரவாமல் நேராக மேலேறுவதாக வைத்துக்கொண்டால், 2 மில்லிமீட்டர் தடிமனான செம்பு மூடியைக் கடக்க இரண்டரை டிகிரிகூடத் தேவைப்படாது. ஆனால் சிப்புக்கும் மூடிக்கும் இடையே 0.1 மில்லிமீட்டர் தடிமனில், 5 மதிப்பெண் உள்ள பேஸ்ட் இருந்தால், அதைக் கடக்கவே ஏறக்குறைய 10 டிகிரி செலவாகிறது. ஒரு தலைமுடியின் தடிமன்தான் அது. மூடியைவிட இருபது மடங்கு மெல்லிய அடுக்கு நான்கு மடங்கு தடையாக நிற்கிறது.

சாண்டி பிரிட்ஜில் இந்த இடத்தில் பேஸ்ட் இல்லை. இண்டியத்தைப் பற்றாசாக வைத்து சிப்பையும் மூடியையும் பிணைத்திருந்தார்கள். அதே 0.1 மில்லிமீட்டருக்கு அங்கே ஒரு டிகிரிகூட ஆகாது. ஐவி பிரிட்ஜில் பற்றாசு போய் பேஸ்ட் வந்ததுதான் மர்மத்தின் முதல் பாதி.

மறு பாதியைப் பலர் தங்கள் ப்ராசசர்களைத் திறந்து சோதித்துக் கண்டுபிடித்தார்கள். மூடியின் விளிம்பை, சிப் அமர்ந்திருக்கும் அடித்தளப் பலகையோடு ஒட்டியிருந்த கறுப்பு ரப்பர் பசை சற்றுத் தடித்திருந்ததால், மூடி சிப்பின் மேல் நெருங்கி அமராமல் தூக்கலாக நின்றது. அந்த இடைவெளியை பேஸ்ட் நிரப்பியது. பசையைச் சுரண்டிவிட்டு மூடியை இறக்கி வைத்தால், சாதாரண பேஸ்ட்டைக்கொண்டே பெரும் பலன் கிடைத்தது. பேஸ்ட்டின் தரத்தைவிட அதன் தடிமனே பெரிய குற்றவாளி.

வேகம் ஏற்றினால்

சொன்ன வேகத்துக்குள் ஓட்டுபவருக்கு இந்த 10 டிகிரி பெரிய விஷயமல்ல. வேகத்தை ஏற்றுவதை ஓவர்கிளாக்கிங் என்கிறார்கள். அதைச் செய்பவருக்கு இதுவே எல்லைக்கோடு.

ப்ராசசர் எடுக்கும் மின்திறன், வேகத்துக்கு ஏற்பவும் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்பவும் உயர்கிறது. வேகத்தை 30 சதவீதம் கூட்டி, அது தடுமாறாமல் ஓட மின்னழுத்தத்தை 15 சதவீதம் கூட்டினால், மின்திறன் 70 சதவீதத்துக்கு மேல் எகிறுகிறது. பேஸ்ட்டில் தேங்கிய 10 டிகிரி 17 ஆகிறது. சூடேறிய டிரான்சிஸ்டர்களில் மின்கசிவும் கூடுகிறது. கசிவு மேலும் சூட்டைத் தருகிறது. 3770கே 105 டிகிரியை எட்டினால், தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மேலே எவ்வளவு பெரிய விசிறியை வைத்தாலும், தண்ணீரை ஓடவிட்டாலும், கீழே அந்த மயிரிழையில் தடைபட்ட வெப்பம் மேலே வந்து சேர்ந்தால்தானே பயன்?

கத்தி, இடுக்கி, கருவி

மூடியைக் கழற்றுவதை ஆங்கிலச் சொல்லாலேயே 'டீலிட்' என்கிறார்கள். முதலில் வந்த வழி சவரக் கத்தி. மூடியின் விளிம்புக்கு அடியில் தகட்டைச் செருகிப் பசையைச் சுற்றிலும் அறுப்பார்கள். அரை மில்லிமீட்டர் ஆழமாகப் போனாலும் அடித்தளப் பலகைக்குள் ஓடும் நுண்ணிய செம்புத் தடங்கள் வெட்டுப்படும். ப்ராசசர் அத்தோடு முடிந்தது. பட்டறை இடுக்கியில் மூடியைப் பிடித்துக்கொண்டு, மரக்கட்டையை வைத்துச் சுத்தியலால் தட்டிப் பலகையைப் பிரிப்பது இரண்டாவது வழி. பிறகு இதற்கென்றே கருவிகள் வந்தன. திருகைத் திருகத் திருக, மூடி பக்கவாட்டில் மெல்ல நகர்ந்து பசையிலிருந்து விடுபடும்.

இவை பேஸ்ட் வைத்த ப்ராசசர்களுக்கு. பற்றாசு வைத்தவற்றைக் குளிர்ந்த நிலையில் இழுத்தால் சிலிக்கானே பிய்ந்துவிடலாம். இண்டியம் 157 டிகிரியில் உருகும் என்பதால், அவற்றைச் சூடாக்கித்தான் பலர் பிரிக்கிறார்கள்.

பேஸ்ட்டுக்குப் பதிலாகப் பூசும் திரவ உலோகத்தின் அடிப்படை காலியம். இந்தத் தனிமம் இருந்தாக வேண்டும் என்று 1871-இல் மெண்டலீவ் கணித்தார். 1875-இல் பிரான்சின் லெக்கோக் டி புவாபோத்ரான் அதைக் கண்டறிந்தார். சுமார் 30 டிகிரியில் உருகுவதால், உள்ளங்கையில் வைத்தாலே இளகும். இண்டியமும் வெள்ளீயமும் சேர்த்தால் குளிர்ந்த அறையிலும் திரவமாகவே இருக்கும். உலோகமாதலால் பேஸ்ட்டைவிட நன்றாக வெப்பத்தைக் கடத்துகிறது. அதைவிட முக்கியம், மிக மெல்லிய படலமாகத் தேய்க்க முடிகிறது.

ஆனால் அது மின்சாரத்தையும் கடத்தும். ஒரு துளி வழிந்து பக்கத்திலிருக்கும் நுண்ணிய மின்தேக்கிகளின் மேல் பட்டால் குறுக்குச் சுற்று ஏற்படும். அதனால்தான் அவற்றின் மேல் முன்கூட்டியே நகப்பூச்சைத் தடவி மூடிவிடுகிறார்கள். அலுமினியத்தோடு இது சேரவே கூடாது. காலியம் அலுமினியத்துக்குள் ஊடுருவி அதைப் பொடிந்துபோகும் அளவுக்குப் பலவீனமாக்கிவிடும். வெறும் செம்பிலும் மெல்ல ஊறி இறங்கும். மூடியின் நிக்கல் முலாம் இங்கே காவலாக நிற்கிறது.

சிலர் மூடியைத் திரும்ப வைப்பதே இல்லை. சிப்பின் மேல் குளிர்விப்பானை நேராக அமர்த்துகிறார்கள். ஒரு தடை குறைகிறது. ஆனால் 2000-ஆம் ஆண்டின் மூலை உடையும் ஆபத்து திரும்பி வருகிறது. எந்த வழியானாலும், மூடியைத் தொட்ட கணமே உத்தரவாதம் போய்விடும்.

நிறுவனத்தின் பக்கம்

பற்றாசு இவ்வளவு நல்லதென்றால் ஏன் விட்டார்கள்? செலவு ஒரு பக்கம். சிலிக்கானில் இண்டியம் நேராக ஒட்டாது. சிப்பின் முதுகில் பொன் உள்ளிட்ட உலோகப் படலங்களை ஏற்றியாக வேண்டும். பொருள்களின் இயல்பு இன்னொரு பக்கம். சூடேறும்போது செம்பு, சிலிக்கானைவிட ஆறு மடங்குக்கு மேல் விரிகிறது. கம்ப்யூட்டரைப் போட்டு அணைக்கும் ஒவ்வொரு முறையும் இரண்டும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்க, நடுவில் இருக்கும் பற்றாசு அந்த இழுபறியைத் தாங்க வேண்டும். சிறிய சிப்புகளில் இதனால் பற்றாசில் விரிசல் விழும் வாய்ப்பு உண்டு என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். பேஸ்ட்டுக்கு அந்தக் கவலை இல்லை. தன் மேசையிலிருக்கும் ஒரே ஒரு ப்ராசசரைப் பற்றி யோசிப்பவருக்கும், பல ஆண்டுகள் உழைக்க வேண்டிய கோடிக்கணக்கான ப்ராசசர்களைப் பற்றி யோசிப்பவருக்கும் சரியான விடை ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

இருந்தாலும் மூடியைத் திறந்தவர்களின் குரல் வீண்போகவில்லை. 2014-இல் வந்த ஐ7-4790கே-வில் இன்டெல் பேஸ்ட்டை மேம்படுத்தியது. 2018 அக்டோபரில் ஐ9-9900கே பற்றாசோடு வந்தது. அதையும் திறந்தார் ஜெர்மனியைச் சேர்ந்த புகழ்பெற்ற ஓவர்கிளாக்கர் ரோமன் ஹார்டுங். உள்ளே சிலிக்கானே முன்பைவிடத் தடித்திருப்பதைக் கண்டு, அதைத் தேய்த்து மெலிதாக்கினார். வெப்பநிலை மேலும் சில டிகிரி இறங்கியது. 2020-இல் வந்த ஐ9-10900கே-வில் இன்டெல் தானே சிலிக்கானின் தடிமனை 0.8 மில்லிமீட்டரிலிருந்து 0.5 ஆகக் குறைத்திருந்தது. அதே 2020-இல் சோனி தன் பிளேஸ்டேஷன் 5-இல் திரவ உலோகத்தைப் பயன்படுத்தியது. நகப்பூச்சுப் புட்டியோடு சிலர் மேசையில் செய்துபார்த்தது, இப்படித்தான் வரவேற்பறைகளுக்கு வந்து சேர்ந்தது.

இப்போது மூடியின் முறை

2022-இல் ஏஎம்டி வெளியிட்ட ரைசன் 7000 வரிசை இந்தக் கதையில் ஒரு திருப்பம். பழைய குளிர்விப்பான்கள் இதற்கும் பொருந்த வேண்டும் என்பதற்காக மூடியைத் தடிமனாக்கினார்கள். இங்கே பற்றாசு இருந்தது. ஆனாலும் ஹார்டுங் மூடியை முழுவதும் நீக்கி, குளிர்விப்பானைச் சிப்பின் மேல் நேராக வைத்தபோது ரைசன் 9 7900எக்ஸ் சுமார் 20 டிகிரி குளிர்ந்தது.

நம் கணக்கில் மூடி குற்றமற்றதாகத்தானே இருந்தது? கணக்கு மாறவில்லை, வெப்பத்தின் அடர்த்தி மாறிவிட்டது. இந்தச் சிப்புகளில் கணிக்கும் துண்டு ஒவ்வொன்றும் சுமார் 70 சதுர மில்லிமீட்டர்தான். அதில் 100 வாட் எழுந்தால், வெப்பம் நேராக மேலேறும் ஒவ்வொரு மில்லிமீட்டர் செம்புக்கும் மூன்றரை டிகிரி கொடுக்க வேண்டியிருக்கிறது. 2012-இல் கணக்கில் கொள்ள வேண்டாத செம்பு, பத்தே ஆண்டுகளில் கணக்குக்குள் வந்துவிட்டது. சிப் சிறுக்கச் சிறுக்க, முன்பு பொருட்படுத்தாத ஒவ்வொரு அடுக்கும் தன் பங்கைக் கேட்கிறது.

நம்மில் பெரும்பாலோர் மூடியைக் கழற்ற வேண்டியதில்லை, கழற்றவும் கூடாது. ஆனால் அதே மயிரிழை மூடிக்கு மேலேயும் இருக்கிறது, மூடிக்கும் குளிர்விப்பானுக்கும் நடுவில். நான்கைந்து ஆண்டு ஓடிய கம்ப்யூட்டரின் விசிறி காரணமில்லாமல் இரைந்தால், அங்கே பேஸ்ட் காய்ந்து போயிருக்கலாம். குளிர்விப்பானை எடுத்து, பழையதைத் துடைத்துவிட்டு, ஒரு பட்டாணியளவு புதிய பேஸ்ட்டை வைத்து நன்றாக அழுத்தி மாட்டினால் போதும். நிறைய வைத்தால் நல்லது என்று கைக்குத் தோன்றும். அப்போது ஐவி பிரிட்ஜை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த 20 டிகிரி தேங்கி நின்றது பேஸ்ட் குறைந்ததால் அல்ல, கூடியதால்.