மாத்திரையா, ஊசியா? திகார் சர்ச்சையும் பெங்களூரு இன்சுலினும்

புது தில்லி: சர்க்கரை நோயாளி ஒருவர் மாத்திரை சாப்பிடுவதா, இன்சுலின் போட்டுக்கொள்வதா என்ற கேள்வி நீதிமன்றம் வரை சென்றது 2024-ம் ஆண்டு ஏப்ரலில். மதுபானக் கொள்கை வழக்கில் கைதாகி திகார் சிறையில் இருந்த தில்லியின் அப்போதைய முதல்வர் அரவிந்த் கேஜரிவாலுக்கு இன்சுலின் மறுக்கப்படுவதாக ஆம் ஆத்மி கட்சி குற்றஞ்சாட்டியது. ஜாமீன் பெறுவதற்காக மாம்பழமும் இனிப்பும் உண்டு சர்க்கரையை ஏற்றிக்கொள்கிறார் என்றது அமலாக்கத் துறை. இன்சுலினை முன்பே நிறுத்திவிட்டு மாத்திரையில்தான் இருந்தார் என்றது சிறை நிர்வாகம். எய்ம்ஸ் மருத்துவக் குழுவே முடிவு செய்யட்டும் என ஏப்ரல் 22-ல் நீதிமன்றம் உத்தரவிட்டது. அன்றிரவே அவருக்குக் குறைந்த அளவில் இன்சுலின் செலுத்தப்பட்டது.

வழக்கம்போல் இரு தரப்பும் வெற்றி கொண்டாடின. ஆனால், ஊசிக்கு மாறுவது ஏன் என்பதை அந்த இரைச்சலில் எவரும் விளக்கவில்லை.

இரண்டாம் வகை நீரிழிவில் கணையத்தின் பீட்டா செல்கள் ஆண்டுக்கு ஆண்டு செயல் குன்றி வருகின்றன. நோய் கண்டறியப்படும் நாளிலேயே அவற்றின் திறனில் ஏறத்தாழ பாதி போயிருக்கும் என்பது பிரிட்டன் ஆய்வு உணர்த்திய உண்மை. மாத்திரைகளில் பல, உடலில் எஞ்சியுள்ள இன்சுலினைத் திறம்பட வேலை வாங்குபவை. சுரப்பே வற்றிய பின் அவற்றால் பெரிதாக எதுவும் செய்ய இயலாது. "ஊசி போட்டால் கதை முடிந்தது" என்று நம் வீடுகளில் சொல்லப்படுவதால் பலர் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுகின்றனர். அதற்குள் கண்ணும் சிறுநீரகமும் பாதிக்கப்பட்டு விடுகின்றன. அறுவை சிகிச்சை, கடுமையான தொற்று ஆகியவற்றின்போது தற்காலிகமாக இன்சுலின் பெற்று, மீண்டும் மாத்திரைக்குத் திரும்புவோரும் உண்டு. எனவே இன்சுலினை நிறுத்துவதோ தொடங்குவதோ அதிசயமல்ல. அதை யார் முடிவு செய்கிறார் என்பதே கேள்வி.

இதே சர்க்கரைக்காக கேஜரிவால் 2015-ம் ஆண்டு மார்ச்சில் இயற்கை மருத்துவம் பெறச் சென்ற ஊர் பெங்களூரு. இந்தியாவின் இன்சுலின் வரலாற்றில் அந்நகருக்குத் தனி இடம் உண்டு. 1978-ல் கிரண் மஜும்தார் ஷா அங்கு தொடங்கிய பயோகான், ஈஸ்ட் வகை நுண்ணுயிரைக் கொண்டு தயாரித்த மனித இன்சுலினை 2004-ல் 'இன்சுஜென்' என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதற்கு முந்தைய ஆண்டே மும்பையின் வொக்கார்ட் களத்தில் இறங்கியிருந்தது. அதுவரை வெளிநாட்டு நிறுவனங்கள் கோலோச்சிய சந்தை அது. பின்னர் பயோகானின் கிளார்ஜின் இன்சுலினுக்கு, மூல மருந்துக்குப் பதிலாகவே வழங்கத்தக்கது என்ற அங்கீகாரத்தை 2021-ல் அமெரிக்கா அளித்தது. இந்தியாவில் கிளார்ஜின் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்ந்தது 2022-ல்தான்.

உள்நாட்டு உற்பத்தி உள்ளது, விலைக் கட்டுப்பாடும் உள்ளது. ஆயினும் எந்த வடிவில் மருந்து கிடைக்கும் என்பதை நிறுவனங்களே தீர்மானிக்கின்றன. பெங்களூருவில் இந்தியத் தலைமையகம் கொண்ட டென்மார்க்கின் நோவோ நார்டிஸ்க், 'ஹியூமன் மிக்ஸ்டார்ட்' உள்ளிட்ட மனித இன்சுலின்களின் பேனா வடிவத்தைக் கைவிடுவதாகவும் குப்பிகள் தொடரும் என்றும் 2025-ல் தெரியவந்தது. 10.1 கோடி நீரிழிவு நோயாளிகள் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு 2023-ல் கணித்த நாட்டில் இது சிறிய செய்தியல்ல. ஒரு தலைவரின் இன்சுலினுக்காக முழங்கிய கட்சிகள் இதற்காகத் தெருவில் இறங்கியதாகத் தெரியவில்லை.

பேனாவிலிருந்து குப்பிக்கு மாறுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பேனாவில் மில்லி லிட்டருக்கு 100 யூனிட். நம் நாட்டில் பரவலாக விற்கும் குப்பியில் 40 யூனிட். 40 யூனிட் குப்பியிலிருந்து 100 யூனிட் சிரிஞ்சில் 20 எனக் குறித்த கோடு வரை எடுத்தால், உடலில் சேர்வது 8 யூனிட் மட்டுமே. 100 யூனிட் மருந்தை 40 யூனிட் சிரிஞ்சில் எடுத்தாலோ இரண்டரை மடங்கு ஏறி, சர்க்கரை அபாயகரமாகத் தாழும். குப்பியின் மேலுள்ள எண்ணும் சிரிஞ்சின் மேலுள்ள எண்ணும் ஒன்றுதானா என்பதை மருந்துக் கடையிலேயே பார்த்து வாங்குவது அவசியம்.