ஏடும் கமராவும்

ஏட்டுச்சுவடியைப் பார்த்துப் பெயர்த்தெழுதுவோர் இருவகையினர். கண்டதைக் கண்டவாறே எழுதுவோர் ஒருவகையினர்; தமக்குத் தோன்றியவாறு திருத்தி எழுதுவோர் மற்றொரு வகையினர். முன்னவர் கல்வியிற் குறைந்தவராயினும் நூலுக்குப் பெருந்தீங்கு செய்யார். அவர் விட்ட எழுத்தும் மாற்றிய எழுத்தும் பிழையென்று தம்மைத் தாமே காட்டிக்கொடுக்கும். பின்னவரோ சிறிது கற்றவராயிருத்தலே நூலுக்குக் கேடாய் முடிகின்றது. பொருள் பொருந்துமாறு அவர் திருத்திவிட்டமையால், திருத்தம் நிகழ்ந்த இடமே பின்வருவோருக்குப் புலப்படுவதில்லை. பாடபேதங்களுள் தீர்த்தற்கரியன பல இவ்வாறு பிறந்தவையே.

இன்று ஏடு பெயர்க்கும் தொழிலைக் கமரா ஏற்றுக்கொண்டுள்ளது. எழுத்தாணி ஓய்ந்த இடத்தில் எண்ணிமக் கமரா, அதாவது டிஜிற்றல் கமரா, வந்து அமர்ந்திருக்கின்றது. ‘கமரா பொய் சொல்லாது, உள்ளதை உள்ளபடியே காட்டும்’ என்று பலரும் நம்புகின்றனர். அந்நம்பிக்கை ஆராயத் தக்கது. கமராவைத் தன்னியக்க நிலையில் விட்டுவிட்டால், அது மேலே கூறிய இரண்டாம் வகை எழுத்தாளரைப் போலவே நடந்துகொள்கின்றது. நிறம் இவ்வாறு இருக்க வேண்டும், வெளிச்சம் இவ்வளவு இருக்க வேண்டும் எனத் தானே துணிந்து, தன் துணிபுக்கேற்ப ஏட்டைத் திருத்திவிடுகின்றது. ஆதலின், அதன் அமைப்புகளை நாம் அறிந்து ஆளுதல் வேண்டும்.

இஃது ஒளிப்படக் கலைஞர்க்கு மட்டும் உரிய செய்தியன்றோ, தமிழாசிரியர்க்கும் மாணாக்கர்க்கும் இதனால் ஆவதென்ன எனச் சிலர் வினவலாம். யாழ்ப்பாணத்தார் அவ்வாறு வினவுதல் ஆகாது. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901) 1887ஆம் ஆண்டு கலித்தொகையைப் பதிப்பித்தபோது, தொட்டவிடம் உதிரும் ஏடுகளோடு தாம் பட்ட பாட்டைப் பதிப்புரையில் எழுதி வருந்தினார். அவர் வருந்திய அழிவு கறையானாலும் காலத்தாலும் நேர்வது. நம் தலைமுறை கண்ட அழிவுகளோ வேறு. 1981ஆம் ஆண்டு யூன் மாதத் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் அவற்றோடிருந்த ஏட்டுச்சுவடிகளும் சாம்பராயின. 1995ஆம் ஆண்டு ஐப்பசியில் வலிகாமத்து மக்கள் ஓரிரவில் இடம்பெயர்ந்தபோது, கையிற் கொண்டு செல்ல முடிந்தவை சில. வீடுகளில் விட்டுச் சென்றவை பல. எஞ்சிய சுவடிகள் இன்று வைத்தியர், சோதிடர், புலவர் ஆகியோர் வழிவந்த வீடுகளின் பெட்டகங்களிலும் பரண்களிலும் கிடக்கின்றன. 2005ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற நூலகம் என்னும் இணைய நூலகம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் சுவடிகளையும் எண்ணிமமாக்கி எவரும் பொருளின்றிப் படிக்குமாறு வைத்து அரும்பணி ஆற்றி வருகின்றது. எனினும் ஊர்தோறும் உள்ள எல்லா வீடுகளுக்கும் ஒரு நிறுவனம் உடனே சென்று சேர்தல் இயலாது. பெரும்பாலும் அவ்வீட்டுப் பிள்ளையோ, அயலிலுள்ள ஆசிரியரோ, பண்டித வகுப்பு மாணாக்கரோ முதலிற் படமெடுக்கின்றனர். பல ஏடுகளுக்கு அதுவே கடைசிப் படமுமாகின்றது. ஆகவே அவர்கள் அறிந்திருக்க வேண்டியவற்றைத் தொகுத்துக் கூறுகின்றேன்.

முதலாவது, வெளிச்ச அளவு. கமராவின் ஒளிமானி தன்முன் உள்ள காட்சி முழுவதும் சராசரியாக நடுச்சாம்பல் நிறமுடையது என்று கொண்டு கணக்கிடுகின்றது. கறுப்புத் துணியின்மேல் ஓர் ஏட்டை வைத்துப் படமெடுத்தால், காட்சியிற் பெரும்பகுதி கறுப்பாயிருத்தலைக் கண்டு, வெளிச்சம் போதாதென்று எண்ணி மிகுத்துவிடும்; ஏடு வெளிறி, கீறல்கள் மறையும். வெள்ளைத்தாளின்மேல் வைத்தாலோ, வெளிச்சம் மிகையென்று எண்ணிக் குறைத்துவிடும், ஏடு இருண்டுபோகும். அச்சிட்ட பழம்புத்தகத்தின் வெண்பக்கம் படத்தில் அழுக்கேறினாற்போலத் தோன்றுவதும் இதனாலேயே. கூட்டல் கழித்தற் குறியுடைய வெளிச்சத் திருத்தத்தைக் கறுப்புப் பின்னணிக்கு ஒரு படியளவு குறைத்தும், வெண்பக்கத்துக்கு ஒரு படியளவு கூட்டியும் வைத்துச் சோதித்தல் வேண்டும். அதனினும் நன்று, ‘மனுவல்’ என்னும் கைமுறை நிலையில் ஒருமுறை சரியான அளவைக் கண்டு, சுவடி முழுவதற்கும் அதனையே மாற்றாது வைத்துக்கொள்ளுதல்.

இரண்டாவது, நிறம். ‘வைட் பலன்ஸ்’ எனப்படும் வெண்மைச் சமநிலையைத் தன்னியக்கத்தில் விடுவோர் பலர். பழுத்த பனையோலையின் மஞ்சள் நிறத்தை மின்குமிழின் மஞ்சளொளி எனக் கமரா மயங்கி, அதனை நீக்க முயலும். ஓலை சாம்பல் நிறம் பெறும். அடுத்த ஏட்டில் வேறொரு நிறம் தோன்றும். ஓலையின் நிறம் அதன் முதுமையையும், நீர் பட்ட கறையையும், ஒரு கட்டினுள் வேறு கட்டின் ஏடு கலந்திருத்தலையும் அறிதற்குரிய சான்றாகும். சாம்பல் அட்டை ஒன்றை அதே வெளிச்சத்திற் படமெடுத்து, அதைக்கொண்டு வெண்மைச் சமநிலையை நிறுத்திக்கொள்ளுதல் முறை. யன்னல் வெளிச்சமும் மின்குமிழ் வெளிச்சமும் ஒருங்கே விழுமாயின் எந்த அமைப்பும் உதவாது. ஒன்றை அடைத்து ஒன்றையே கொள்க.

மூன்றாவது, ஐ.எஸ்.ஓ. என்னும் ஒளியுணர்திறன். இருண்ட அறையிற் கமரா இதனைத் தானாகவே 1600, 3200 என உயர்த்திக்கொள்ளும். உயர உயரப் படமெங்கும் மணல் தூவினாற்போலப் புள்ளிகள் தோன்றும். அவற்றை நீக்குமாறு கமராவினுள் அமைந்த செயன்முறையோ, புள்ளியோடு நுண்ணிய கீறல்களையும் சேர்த்து மெழுகிவிடும். ஏட்டெழுத்து முழுவதும் நுண்ணிய கீறலன்றி வேறென்ன? ஆதலின் 100 அல்லது 200 என்னும் தாழ்ந்த எண்ணையே நிறுத்தி, கமராவை முக்காலியிற் பொருத்தி, ஷட்டர் நெடுநேரம் திறந்திருக்க விடுக. விரலால் அழுத்தும் அசைவும் படத்தைக் கெடுக்குமாகலின், இரண்டு விநாடி கழித்துத் தானே இயங்கும் அமைப்பைப் பயன்படுத்துக.

நான்காவது, துவாரம். எஃப் 2 போன்ற அகன்ற துவாரத்தில் தெளிவின் ஆழம் மிகக் குறைவு. பழைய ஓலை நேராகக் கிடப்பதன்று, நடுவில் எழும்பி ஓரங்களில் வளையும். நடு தெளிய ஓரம் மங்கும். ஏட்டின் எண் இடது ஓரத்தில் உள்ளதாகலின், அது மங்கினால் ஏடுகளின் வரிசையே தடுமாறும். எஃப் 22 போல மிகக் குறுக்கினாலும் ஒளி விலகிப் படம் முழுவதும் சற்று மழுங்கும். எஃப் 8ஐ ஒட்டிய நடுவளவு பெரும்பாலும் பொருந்தும்.

ஐந்தாவது, பளிச்சொளி. கேடுகளுள் இதுவே பெரிது. எண்ணெய் பூசிய ஓலை கண்ணாடிபோல் ஒளியைத் திருப்பி வீசும். என்னிடம் பயின்ற மாணாக்கர் ஒருவர், வைத்தியராயிருந்த தம் பாட்டனாரின் ஏட்டுக்கட்டு ஒன்றின் படங்களைக் கைத்தொலைபேசியிற் கொண்டுவந்து காட்டினார். ஒவ்வொரு படத்தின் நடுவிலும் வெண்வட்டம் ஒன்று இருந்தது. சரக்குகளின் பெயர்கள் இருபுறமும் தெளிவாயிருந்தன. அளவுகள் வட்டத்தினுள் மறைந்தன. மீண்டும் எடுக்கலாமென்றால், இடைப்பட்ட மாரிகாலத்திற் கறையான் அக்கட்டை உண்டுவிட்டது. சரக்கின் பெயர் தெரிந்தும் அளவு தெரியாத மருந்தை எவர் செய்யத் துணிவார்? நம் மருத்துவ ஏடுகளில் அரை, கால், அரைக்கால், வீசம் என்பன ஒவ்வொன்றும் ஒற்றைக் குறியால் எழுதப்படுவன. அரைக்கால் எட்டில் ஒன்று, வீசம் பதினாறில் ஒன்று. ஒரு குறி பிறழின் மருந்து இருமடங்காகும்.

பளிச்சொளியை அமர்த்திவிட்டு, மையிட்ட ஏட்டுக்கு இருபுறத்திலிருந்தும் சமமாக, நாற்பத்தைந்து பாகைச் சாய்வில் வெளிச்சம் தருக. மை மறைந்த ஏட்டுக்கு ஒரு பக்கத்திலிருந்து மட்டும், ஏட்டைத் தடவிச் செல்வதுபோலத் தாழ்ந்த சாய்வில் வெளிச்சம் விழச் செய்க. அப்பொழுது கீறலின் பள்ளத்தில் நிழல் தங்கி, மையின்றியே எழுத்து எழுந்து நிற்கும். புழு துளைத்த துளையையும் எழுத்தாணி வைத்த புள்ளியையும் வேறுபடுத்தி அறிதற்கும் இவ்வெளிச்சமே துணை. ஏடெழுதுவோர் பெரும்பாலும் புள்ளியிடாமையாலும், எகர ஏகாரங்களை ஒரே கொம்பாலும், காலையும் ரகரத்தையும் ஒரே வடிவாலும் எழுதினமையாலும் ஏட்டைப் படிப்போர்க்கு இயல்பிலேயே ஐயங்கள் பல. அவற்றோடு கமரா தரும் ஐயங்களையும் நாம் கூட்டுதல் தகாது.

ஆறாவது, படத்தின் அளவும் வடிவும். நினைவட்டையில் இடம் மிஞ்சுமென்று சிறிய அளவைத் தெரிவோர் உளர். நாற்பது சென்ரிமீற்றர் நீளமுள்ள ஓலையை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் பதிவதற்கு நீளவாக்கில் ஏறத்தாழ 4,700 புள்ளிகள் வேண்டும். 6,000 புள்ளி அகலம் பதியும் கமராவில், ஓலை சட்டத்தை நிறைத்திருந்தாற்றான் இது கைகூடும். சிறிய அளவிற் கைகூடாது. ‘ஜேபெக்’ வடிவம் படத்தைச் சுருக்கும்போது எழுத்தின் ஓரங்களை அரிக்கின்றது. ‘ரோ’ என்னும் மூலவடிவமோ கமரா கண்டதைத் திருத்தாது வைத்திருக்கும். இரண்டையும் சேர்த்துப் பதியும் அமைப்பு இருப்பின் அதனைக் கொள்க. கைத்தொலைபேசியிலாயின் அழகூட்டும் அமைப்புகள் யாவற்றையும் நிறுத்துக. வாட்ஸ்அப்பிற் படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும், ஆவணமாக அனுப்புக.

சுருக்குதல் இவ்வளவு அஞ்சத் தக்கதோ என்பார்க்கு உலகறிந்த நிகழ்ச்சி ஒன்றைக் கூறுவேன். 2013ஆம் ஆண்டு டேவிட் கிரீசல் என்னும் செருமானியக் கணினியறிஞர், சில செறொக்ஸ் நகலெடுக்கும் இயந்திரங்கள் வருடிய தாள்களில் இலக்கங்கள் மாறியிருத்தலைக் கண்டு வெளிப்படுத்தினார். 6 இருந்த இடத்தில் 8 இருந்தது. எழுத்து மங்கவில்லை, சிதையவில்லை. தெளிவான, ஐயத்துக்கு இடந்தராத 8. இடத்தை மிச்சப்படுத்தற்பொருட்டு, ஒத்த வடிவங்களை ஒன்றென்று கொண்டு ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைக்கும் சுருக்குமுறையே காரணம். அந்நிறுவனம் பின்னர் அதனைத் திருத்தியது. தொடக்கத்தில் யான் கூறிய ‘திருத்தும் எழுத்தாளர்’ இயந்திரத்தினுள்ளும் இருக்கின்றார் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

ஏழாவது, நாளும் எண்ணும். மின்கலம் நெடுநாள் கழற்றி வைக்கப்பட்ட கமராவின் கடிகாரம் தொடக்க நாளுக்கே திரும்பிவிடும். நாள் பிழைத்த படங்களைப் பின்னர் வரிசைப்படுத்துதல் பெருந்தொல்லை. நினைவட்டை மாற்றுந்தோறும் கோப்பின் எண் ஒன்றிலிருந்து தொடங்குமாறு அமைந்திருப்பின், இரு கட்டுகளின் படங்கள் ஒரே பெயர் பெறும். கணினியிற் சேர்க்கும்போது ஒன்று மற்றொன்றை அழித்துவிடும். எண் தொடர்ந்து செல்லும் அமைப்பை வைத்துக்கொள்க. கட்டின் முதற்படமாக, உடைமையாளர் ஒப்புக்கொண்ட விவரங்களையும் ஊரையும் ஏடுகளின் தொகையையும் எழுதிய தாளொன்றைப் படமெடுக்க. ஒவ்வோர் ஏட்டின் அருகிலும் சென்ரிமீற்றர் அளவுகோலும் நிற அட்டையும் வைக்க. வெற்றேடாயினும் இருபுறமும் எடுக்க. வெற்றேடு என்பதும் ஒரு செய்தியே.

இவையெல்லாம் அமைந்த பின்னும் ஒரு சோதனை உண்டு. முதல் ஏட்டைப் படமெடுத்தவுடன், அதனை முழு அளவில் விரித்து, ஏட்டைக் காணாத ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுக. அவர் தடுமாறும் இடங்களை ஏட்டோடு ஒப்பிடுக. ஏட்டிலேயே தெளிவில்லையாயின் அத்தடுமாற்றம் ஏட்டுக்குரியது. அதனை அப்படியே விடுக. ஏட்டில் தெளிவிருந்து படத்தில் இல்லையாயின் அது கமராவுக்குரியது. அமைப்பைத் திருத்தி மீண்டும் எடுக்க. பிராசீன பாடசாலை மாணாக்கர்க்கு யான் இதனைப் பாட ஆராய்ச்சியின் ஒரு பகுதியாகவே கற்பித்து வருகின்றேன். ஏடு படிக்கத் தெரியாதவர் படமெடுத்தால் எது எழுத்து என்பது கமராவுக்கு விடப்படுகின்றது. கமராவை ஆளத் தெரியாதவர் ஏடு படித்தால் எது ஏடு என்பது ஐயமாகின்றது. இரண்டும் ஒருவர் கையில் அமைதல் நன்று. அமையாவிடின் இருவர் சேர்ந்து செல்க.

ஏட்டின் உடைமையாளர் நம்மை நம்பிக் கயிற்றை அவிழ்க்கின்றார். ஒருமுறை அவிழ்க்கும்போதே ஓரங்கள் சில உதிர்கின்றன. இன்னொருமுறை அவிழ்க்குமாறு அவரை வேண்டும் நிலை நேராதிருக்க, புறப்படுமுன் நம் வீட்டில், பழைய பனையோலை ஒன்றைக் கீறி, அதன்மேல் இவ்வமைப்புகளை ஒரு மாலைப்பொழுது பழகிக்கொள்ளுதல் போதும்.