முதல் கடவுச்சீட்டும் அப்பாவின் பெயரும்

கடந்த மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், ஸ்காபரோவில் எங்கள் வீட்டுச் சமையலறை மேசையில் அண்ணை ஒருவர் பிளாஸ்ரிக் கோப்பொன்றை விரித்து வைத்தார். உள்ளே கனடியக் குடியுரிமைச் சான்றிதழ், சாரதி அனுமதிப்பத்திரம், இரண்டு புகைப்படங்கள், நிரப்பாத படிவம்.

“பிள்ளை, இந்தப் போர்மை ஒருக்கா நிரப்பித் தாங்கோ. புத்தகம் கையில வந்தா ஊருக்குப் போகலாம் தானே?”

அவர் வன்னியைச் சேர்ந்தவர். 2009 இற்குப் பிறகு முகாமில் இருந்து வெளியே வந்து, ஏஜென்சிக்காரன் சொன்ன நாடுகள் எல்லாம் அலைந்து, கனடா வந்து அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவர். இடையில் அப்பா இறந்தார். செத்தவீட்டை வீடியோவில் பார்த்தார். அம்மா இப்போது விசுவமடுவில் தங்கையோடு இருக்கிறார்.

நான் என்னுடைய முதல் கனடியக் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்த பிறகு, தெரிந்தவர்களுக்கும் தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்களுக்கும் படிவம் நிரப்பிக் கொடுப்பது ஒரு வழக்கமாகிவிட்டது. படிவம் சில பக்கங்கள்தான். சிக்கல் அதற்கு முன்னும் பின்னும் இருக்கிறது. ஊரில் இருக்கும் உறவுகளுக்கும் இது தெரிந்திருப்பது நல்லது. “காட் கிடைச்சு இவ்வளவு வருசமாச்சு, இன்னும் ஏன் வரேல்ல?” என்ற கேள்வி பல குடும்பங்களில் மனக்கசப்பாகவே மாறியிருக்கிறது.

அதற்கான பதில் சட்டத்தில் இருக்கிறது. அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவருக்குக் கனடா கொடுக்கும் பயண ஆவணத்தில், அவர் எந்த நாட்டில் இருந்து தப்பி வந்தாரோ அந்த நாட்டுக்கு மட்டும் போக முடியாது. சிலர் நிரந்தர வதிவுரிமை கிடைத்தவுடன் இலங்கைத் தூதரகத்தில் இலங்கைக் கடவுச்சீட்டை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய் வந்தார்கள். 2012 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டமாற்றம் இதை ஆபத்தானதாக்கியது. எந்த அரசுக்குப் பயந்து வந்தீர்களோ அந்த அரசின் பாதுகாப்பை நீங்களாகவே மீண்டும் நாடிவிட்டீர்கள் என்று காட்டி, அகதிப் பாதுகாப்பு முடிவுக்கு வந்துவிட்டதாகத் தீர்மானித்தால், நிரந்தர வதிவுரிமையும் சேர்ந்து போகும். ஊருக்குப் போனது மட்டுமல்ல, இலங்கைக் கடவுச்சீட்டை எடுத்ததே எதிரான சாட்சியாகக் காட்டப்படலாம். குடியுரிமை பெற்ற பின் இந்த விதி தொடாது. அகதிகளாக வந்தவர்கள் பலர் தாய் தகப்பனின் கடைசிக் காலத்தில்கூடப் போகாமல் இருந்ததற்குப் பின்னால் இந்தக் கணக்குத்தான் இருந்தது. ஐந்து வருடத்துக்குள் 1,095 நாள் கனடாவில் இருந்து, விண்ணப்பித்து, பரீட்சை எழுதி, சத்தியப்பிரமாணம் செய்யும் வரை பொறுக்க வேண்டும்.

சத்தியப்பிரமாணம் செய்த அன்றே போய்விடலாம் என்றும் இல்லை. அந்த நாளோடு பி.ஆர். காட் செல்லுபடியாகாது. 2016 நவம்பரில் இருந்து, கனடியக் குடிமக்கள் விமானத்தில் கனடாவுக்குத் திரும்புவதற்கு, அமெரிக்கக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் போன்ற சில விதிவிலக்குகளைத் தவிர, செல்லுபடியான கனடியக் கடவுச்சீட்டு வேண்டும். இலங்கைக் கடவுச்சீட்டையும் பழைய பி.ஆர். காட்டையும் காட்டி ஏற முடியாது. எனக்குத் தெரிந்த ஒரு அக்கா, கணவர் ஸ்பொன்சர் செய்து வந்தவர், செவ்வாய்க்கிழமை சத்தியம் செய்துவிட்டுச் சனிக்கிழமை கொழும்புக்கு ரிக்கற் வைத்திருந்தார். தற்செயலாக என்னிடம் சொன்னதால் தப்பினார். பயணத்துக்கான ஆதாரத்தைக் காட்டி, மேலதிகக் கட்டணம் கட்டி, அவசரமாகக் கடவுச்சீட்டு எடுக்கும் வசதி கடவுச்சீட்டு அலுவலகங்களில் உண்டு. அதற்கு நேரில் போக வேண்டும். சாதாரணமாகக் கடவுச்சீட்டு அலுவலகத்தில் நேரில் கொடுத்தால் 10 வேலைநாள், தபாலில் அனுப்பினால் 20 வேலைநாள் என்பது அவர்கள் சொல்லும் கணக்கு. தபால் போய்வரும் நாட்கள் அதற்குப் புறம்பு. பத்து வருடப் புத்தகத்துக்குக் கட்டணம் 160 டொலருக்குச் சற்று மேல்.

ஊரில் அம்மாவோ அப்பாவோ தேறாத நிலையில் இருந்தால், சத்தியப்பிரமாணத்துக்கும் கடவுச்சீட்டுக்கும் இடையில் இப்படியொரு இடைவெளி இருக்கிறது என்பதை வீட்டில் எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

இனி பெயர். அண்ணையின் படிவத்தை நிரப்ப உட்கார்ந்தபோது முதல் பெட்டியிலேயே நின்றுவிட்டேன். குடும்பப்பெயர் என்ற இடத்தில் சான்றிதழில் இருந்தது அவருடைய சொந்தப் பெயர். சொந்தப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அவருடைய அப்பாவின் பெயர்.

எங்களுக்குக் குடும்பப்பெயர் என்று ஒன்று இல்லை. அப்பாவின் பெயர் முன்னால் வரும், அல்லது அதன் முதல் எழுத்து மட்டும் வரும். கனடாவின் படிவங்களில் இரண்டு பெட்டி உண்டு, இரண்டையும் நிரப்பியாக வேண்டும். எனவே அப்பாவின் பெயர் குடும்பப்பெயராகிறது. ஒரே வீட்டில் கணவருக்கு அவருடைய அப்பாவின் பெயர், மனைவிக்கு அவருடைய அப்பாவின் பெயர், பிள்ளைகளுக்குக் கணவரின் பெயர் என்று மூன்று குடும்பப்பெயர்கள் இருக்கும். இது பழகிப்போன விடயம். அண்ணைக்கு நடந்தது வேறு. வந்து இறங்கிய அன்று, நித்திரையில்லாத நேரத்தில், “முதல் பெயர் எது?” என்று கேட்டிருக்கிறார்கள். எங்கள் வழக்கப்படி முதலில் எழுதும் பெயரைச் சொல்லியிருக்கிறார். அது அப்பாவின் பெயர். அகதி விண்ணப்பம், வதிவுரிமை, மருத்துவ அட்டை, வங்கி, கடைசியில் குடியுரிமைச் சான்றிதழ் என்று எல்லாவற்றுக்கும் அந்த ஒரு படிவத்தில் இருந்துதான் பெயர் போனது.

“வேலையில சுப்பர்வைசர் அப்பான்ர பேரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுறான். டொக்டரிட்டப் போனாலும் அப்பான்ர பேர்தான். முதல் வருசம் ஆரைக் கூப்பிடுகினம் எண்டு திரும்பிப் பார்ப்பன். இப்ப எழும்பிப் போயிடுவன்.”

மாற்றலாமா என்று கேட்டார். கடவுச்சீட்டில் வரும் பெயர் குடியுரிமைச் சான்றிதழில் உள்ளபடியே இருக்க வேண்டும். விரும்பியபடி முன்பின்னாக எழுத முடியாது. பிறப்புச் சான்றிதழைக் காட்டினாலும் கடவுச்சீட்டு அலுவலகம் திருத்தித் தராது. சொல்லப்போனால், இப்படிக் குடியுரிமை பெற்ற வளர்ந்தவர்களிடம் அங்கே பிறப்புச் சான்றிதழே கேட்பதில்லை. குடியுரிமைச் சான்றிதழ்தான் மூலம். ஒன்ராறியோவில் 12 மாதமாவது வசித்தவர் மாகாண அரசிடம் பெயர்மாற்றத்துக்கு விண்ணப்பிக்கலாம். அது கிடைத்த பின் புதிய குடியுரிமைச் சான்றிதழுக்கு விண்ணப்பித்து, அதன் பிறகு கடவுச்சீட்டுக்குப் போக வேண்டும். மாதக்கணக்கில் எடுக்கும்.

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். “அம்மாவுக்கு எண்பது தாண்டிட்டுது. விடுங்கோ பிள்ளை. அப்பான்ர பேரிலேயே போறன்.”

குடியுரிமைக்கு விண்ணப்பிக்க முன்னரே இதைக் கவனித்திருந்தால் வழி இலகுவாக இருந்திருக்கும். வதிவுரிமைப் பத்திரத்தில் பெயரோ பிறந்த திகதியோ பிழையாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு அதுதான் நல்ல நேரம். எனக்கும் ஒரு சிறு பிழை இருந்தது. என் பிறப்புச் சான்றிதழின் மொழிபெயர்ப்பில் அப்பாவின் பெயரில் ‘ரி’க்குப் பிறகு ஒரு ‘எச்’ இருந்தது, இலங்கைக் கடவுச்சீட்டில் அந்த ‘எச்’ இல்லை. மொழிபெயர்த்தவர் தன் காதுக்குக் கேட்டபடி எழுதியிருந்தார். ஊரில் இருந்து பிள்ளைகளுக்குச் சான்றிதழ்களை மொழிபெயர்த்து அனுப்புகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: பிள்ளையின் கடவுச்சீட்டில் இருக்கும் ஆங்கில எழுத்துக்களை மொழிபெயர்ப்பாளருக்குக் காட்டி, அப்படியே எழுதச் சொல்லுங்கள்.

அடுத்தது உத்தரவாதி. படிவத்திலும் புகைப்படம் ஒன்றின் பின்புறத்திலும், இவர் இன்னார்தான் என்று கையெழுத்திட ஒருவர் வேண்டும். வைத்தியர், சட்டத்தரணி, கோயில் ஐயர் என்று தேடி அலைகிறவர்கள் இன்னும் உண்டு. அது பழைய காலத்து நடைமுறை. இப்போது கனடியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும், குறைந்தது இரண்டு வருடம் உங்களைத் தெரிந்த, 18 வயதுக்கு மேற்பட்ட கனடியக் குடிமகன் ஒருவர் போதும். அவருடைய கடவுச்சீட்டு செல்லுபடியாக இருக்க வேண்டும், அல்லது முடிந்து ஒரு வருடத்துக்குள் இருக்க வேண்டும். அண்ணன் தம்பியாகவும் இருக்கலாம், ஒரே வீட்டில் வசிப்பவராகவும் இருக்கலாம். இதற்குக் காசு வாங்கக் கூடாது. வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது எங்கள் ஆட்களுக்குத் தெரிந்த கதைதான்.

அண்ணைக்கு அப்படி ஒருவரைத் தேடுவதே பெரும்பாடாக இருந்தது. இரவு வேலை, பகலில் நித்திரை. தெரிந்தவர்கள் எல்லாம் அவரோடு சேர்ந்து வந்தவர்கள், இன்னும் பி.ஆர். காட்டோடு இருப்பவர்கள். கடைசியில் அவர் வாடகைக்கு இருக்கும் நிலக்கீழ் அறையின் வீட்டுக்காரர் ஒப்புக்கொண்டார். அப்படி ஒருவரும் இல்லாதவர்கள், உத்தரவாதிக்குப் பதிலாக ஒரு சத்தியக் கூற்றுப் படிவத்தை அதற்கான அதிகாரம் உள்ளவர் முன்னிலையில் முடித்துக் கொடுக்கலாம். உத்தரவாதி இல்லையென்று விண்ணப்பத்தையே தள்ளிப்போட வேண்டியதில்லை.

இவரைத் தவிர, உறவினர் அல்லாத இருவரின் பெயரும் தொலைபேசி இலக்கமும் கேட்பார்கள். அவர்களும் இரண்டு வருடம் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும். தெரியாத இலக்கம் என்றால் எடுக்காமல் விடும் பழக்கம் எங்களுக்கு அதிகம், எனவே அழைப்பு வரலாம் என்று அவர்களிடம் சொல்லி வையுங்கள். புகைப்படம் 50க்கு 70 மில்லிமீற்றர். கனடாவில் எந்த ஸ்ரூடியோவிலும் “பாஸ்போட்டுக்கு” என்றால் சரியாக எடுத்துத் தருவார்கள்.

பிறந்த இடம் என்ற பெட்டியில் அண்ணை என்னைப் பார்த்தார். கடவுச்சீட்டில் பிறந்த ஊரும் நாட்டின் மூன்றெழுத்துக் குறியீடும் அச்சாகும். விரும்பினால் அது வேண்டாம் என்று கேட்கலாம், ஆனால் சில நாடுகளில் அதனால் கேள்விகளோ சிக்கலோ வரலாம். கட்டுநாயக்காவில் முல்லைத்தீவு என்று கண்டால் மறித்து விசாரிப்பார்களோ என்ற பயம் அவருக்கு. இந்தப் பயத்தை வெளியில் இருந்து பார்த்து எடைபோட எனக்குத் தகுதியில்லை. இலங்கை விசா விண்ணப்பத்திலேயே பிறந்த நாட்டைக் கேட்கிறார்கள், மறைத்து ஆவது ஒன்றுமில்லை என்று மட்டும் சொன்னேன். “போடுங்கோ” என்றார்.

விசா என்றதும் அவருக்கு ஆச்சரியம். “எனக்கோ? எங்கட ஊருக்கோ?”

ஓம். கனடா 1977 இல் இருந்து இரட்டைக் குடியுரிமையை ஏற்றுக்கொள்கிறது. இலங்கை அப்படியல்ல. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தின் கீழ், இன்னொரு நாட்டின் குடியுரிமையைப் பெற்றவர் இலங்கைப் பிரஜாவுரிமையை இழக்கிறார். யாரும் கடிதம் அனுப்பி அறிவிக்க மாட்டார்கள், தானாகவே போய்விடும். அலுமாரிக்குள் இருக்கும் இலங்கைக் கடவுச்சீட்டில் திகதி மிச்சம் இருந்தாலும் அதைப் பயணத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. வேண்டுமானால் வெளிநாட்டுக் குடியுரிமை பெற முன்னர் இலங்கைப் பிரஜாவுரிமையைத் தக்கவைக்க விண்ணப்பிக்கலாம், பெற்ற பின்னர் மீளப் பெற விண்ணப்பிக்கலாம். இரட்டைப் பிரஜாவுரிமை என்று நாங்கள் சொல்வது இதைத்தான். 1987 திருத்தத்தோடு வந்த இந்த வழி, 2011 இல் நிறுத்தப்பட்டு 2015 இல் மீண்டும் திறக்கப்பட்டது. 55 வயது தாண்டியவர்கள், கல்வி அல்லது தொழில் தகைமை உள்ளவர்கள், இலங்கையில் சொத்து உள்ளவர்கள் என்று பிரிவுகள் உண்டு.

இது காணி உள்ள குடும்பங்களுக்கு முக்கியம். 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி கைமாறுவதைக் கட்டுப்படுத்துகிறது. இரட்டைப் பிரஜைகளுக்கும், நெருங்கிய உறவினரிடம் இருந்து உரித்துவழி வரும் காணிகளுக்கும் அதில் விலக்கு உண்டு. பிள்ளையின் பெயருக்குக் காணி வாங்கவோ எழுதவோ நினைக்கும் பெற்றோர் முதலில் ஒரு நொத்தாரிசிடம் கேட்பது நல்லது. அண்ணையைப் போலப் பெயர் முன்பின்னாக உள்ளவர்கள், இருவரும் ஒருவரே என்று சத்தியக் கடதாசி முடிக்க வேண்டியும் வரும்.

ஆனால் எல்லோரும் இரட்டைப் பிரஜாவுரிமைக்கு ஓட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். இலங்கைப் பிரஜையாகவும் இருப்பவர் இலங்கையில் ஏதும் சிக்கலில் மாட்டினால், கனடியத் தூதரகம் செய்யக்கூடிய உதவி குறையலாம். அவரை இலங்கை தன்னுடைய பிரஜையாகவே நடத்தும். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் உறவுகளைப் பறிகொடுத்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அண்ணை இப்போதைக்கு வேண்டாம் என்றார்.

கடவுச்சீட்டு மூன்றாவது வாரம் தபாலில் வந்தது. அன்றிரவே விசா விண்ணப்பத்தை என் தொலைபேசியில் திறந்தோம். குடியுரிமை: கனடா. பிறந்த நாடு: இலங்கை. பயணத்தின் நோக்கம் என்ற இடத்தில் சுற்றுலா, உறவினரைப் பார்த்தல் என்று தெரிவுகள் இருந்தன. இலங்கையில் தங்கும் முகவரி கேட்டது. தங்கைக்கு அழைத்து, விசுவமடு வீட்டின் முகவரியை எழுத்துக் கூட்டி வாங்கினார். பின்னால் அம்மாவின் குரல் கேட்டது.

“எத்தினை நாள் நிக்கலாமாம்?”

“முப்பது நாள் அம்மா.”