கை உயர்த்திப் பறித்த உரிமை

தேர்தல் நடந்தால் ஜனநாயகம், நடக்காவிட்டால் சர்வாதிகாரம். நம்மில் பலர் இப்படித்தான் விளங்கி வைத்திருக்கிறோம். ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்த எனக்கு இந்த விளக்கம் போதவில்லை. எங்கள் பாட்டன் காலத்து வாக்குரிமையைத் துப்பாக்கி பறிக்கவில்லை; தேர்ந்தெடுக்கப்பட்ட பாராளுமன்றம் பறித்தது.

1947 பொதுத்தேர்தலில் மலையகத் தமிழர் வாக்களித்தார்கள். இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில் சௌமியமூர்த்தி தொண்டமான் நுவரெலியாவில் வென்றார். மறு ஆண்டே டி.எஸ். சேனநாயக்க அரசு பிரஜாவுரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. இங்கே பிறந்தவரும்கூடத் தகப்பனோ, தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனுமோ இந்நாட்டில் பிறந்ததை நிரூபிக்க வேண்டும். லயன் காம்பராக்களில் பிறந்த தலைமுறைகளிடம் அதற்குப் பத்திரம் ஏது? 1949இல் பிரஜைகளுக்கு மட்டுமே வாக்கு என்று இன்னொரு சட்டம் வந்தது. 1952 தேர்தலில் எங்கள் பிரதிநிதி ஒருவர்கூடத் தெரிவாகவில்லை.

நீதிமன்றமும் இருந்தது. ஓர் இனத்துக்கு மட்டும் பாதகமான சட்டம் இயற்றுவதை சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு தடுத்திருந்தது. அதை நம்பித் தொடுத்த கோடக்கன் பிள்ளை வழக்கில், யார் பிரஜை என்று தீர்மானிப்பது பாராளுமன்றத்தின் உரிமை என லண்டன் பிரிவிக் கவுன்சில் 1953இல் தீர்ப்பளித்தது.

இதோடு பர்மாவை ஒப்பிடுங்கள். அங்கே 1962இல் ஜெனரல் நே வின் இராணுவப் பலத்தால் ஆட்சியைப் பிடித்தார். கடைகள் அரசுடைமையாகின, பெருந்தொகைத் தமிழர் கப்பலேறினர். இங்கே 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும், 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை கொடுக்கவும் முடிவெடுத்தது. 1,50,000 பேரின் கதி பின்னுக்கு விடப்பட்டது. அங்கே துப்பாக்கி, இங்கே பேனா. இரண்டு இடத்திலும் சனங்களை யாரும் கேட்கவில்லை.

அப்படியானால் இரண்டும் ஒன்றா? இல்லை. இங்கே தொழிற்சங்கம் மிஞ்சியது. வேலைநிறுத்தமும் சத்தியாக்கிரகமும் செய்ய இடம் மிஞ்சியது. அந்த இடைவெளி வழியாகத்தான் தொண்டமான் 1977இல் மீண்டும் மக்கள் வாக்கில் பாராளுமன்றம் சென்றார். 1988, 2003 சட்டங்கள் நாடற்றவர்களுக்குக் குடியுரிமை தந்தன. பிழையைத் திருத்த வழி திறந்திருப்பதே ஜனநாயகத்தின் பெறுமதி. ஆனால் அந்தத் திருத்தத்துக்கு 55 வருடம் பிடித்தது. அதற்குள் இரண்டு தலைமுறை கழிந்துவிட்டது.

வடக்கு, கிழக்கு வாசகர்களுக்கு இது அயல்வீட்டுக் கதை அல்ல. 1956இல் தனிச் சிங்களச் சட்டமும் பாராளுமன்றத்தில் பெரும்பான்மை வாக்கால்தான் நிறைவேறியது. 1977 வன்செயலுக்குப் பின் வவுனியா, கிளிநொச்சியில் குடியேறிய மலையகக் குடும்பங்கள் உங்களோடுதான் யுத்தத்தையும் அனுபவித்தன.

ஆகவே ஓர் ஆட்சியை அளக்க, தேர்தல் நடக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள். எத்தனை கைகள் உயர்ந்தாலும் தொட முடியாத உரிமை சிறுபான்மைக்கு இருக்கிறதா என்று கேளுங்கள். பெரும்பான்மை நினைத்தால் வாக்காளர் பட்டியலையே மாற்றலாம் என்றால், அங்கே தேர்தல் மட்டும்தான் நடக்கிறது.